நல்ல தண்ணி

எங்கள் கிளைக்குச் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், வந்த மூன்றாம் நாள் கவுண்டருக்கே வந்து கேட்டார். "ஏன் தம்பி, இந்த ஊர்த் தண்ணி ஹார்டா, சாஃப்டா? வாஷிங் மிஷின் வாங்கணும். அங்க போர் தண்ணியில ரெண்டு மிஷின் போச்சு." சாஃப்ட்தான் சார், தைரியமா வாங்குங்க என்றேன். பொய் இல்லை. மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது மென்னீர்தான்.

தீவுகளை ஒட்டவைத்து உண்டாக்கிய இந்த நகரம் தன் குடிநீரைத் தன் காலடி மண்ணிலிருந்து எடுப்பதில்லை. தோண்டினால் பல இடங்களில் உப்புத்தான். 1860-இல் விகார் ஏரி, 1879-இல் துளசி, 1892-இல் தான்சா, அப்புறம் வைதர்ணா, பாட்சா, 2014-இல் மத்திய வைதர்ணா என்று தேவை பெருகப் பெருக மலைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டே போனது. மேற்குத் தொடர்ச்சி மலையின் எரிமலைப் பாறைமேல் பெய்து தேங்கும் மழைத்தண்ணீர் அது. மண்ணுக்குள் நெடுநாள் ஊறிக் கிடக்காததால் கால்சியமும் மக்னீசியமும் அதில் கொஞ்சமே கரைந்திருக்கும். பாண்டுப்பில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும், மிஷின் கெடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவண்டியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். தேவ்னார் குப்பைமேட்டுக்குக் கொஞ்ச தூரம். தாராவியில் வாடகை கட்டுபடியாகாமல் அங்கே போய் ஒரு குடிசை வாங்கியவள். அது 2000-க்குப் பிறகு போட்ட குடிசை. இந்த வருஷக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நுரைக்கவே மாட்டேங்கு ஐயா. ஒரு சேலைக்கு அரைக்கட்டி சோப்பு போவுது. பருப்பு போட்டா கல்லு மாதிரி கெடக்கு." துவைக்க, கழுவ போர் தண்ணி. கழிமுகச் சதுப்பை மேடாக்கிய நிலத்தில் போர் போட்டால் வேறென்ன வரும்? குடிக்கக் கேன் தண்ணி. அதைக் கொண்டுவந்து விற்கிறவன் எங்கிருந்து பிடிக்கிறான் என்று கேட்டால் சிரிக்கிறாள். அதே மாநகராட்சிக் குழாயில்தான். மாநகராட்சி ஆயிரம் லிட்டருக்குச் சில ரூபாய்தான் வாங்குகிறது. சித்தி கேனுக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் அதைப்போலப் பல மடங்கு. இந்த நகரத்தில் தண்ணீருக்கு அதிகம் காசு கொடுப்பது மலபார் ஹில்காரன் இல்லை.

குடிநீர்த் தரத்துக்கு இந்த நாட்டில் ஒரு நியமம் இருக்கிறது. மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாற்று வழி இல்லாதவன் வயிறு மூன்று மடங்கு தாங்கும் போலிருக்கிறது. ஆனால் சித்தி வீட்டுக்கு அந்த வரியும் பொருந்தாது. மாற்று வழி தெருமுனை வரைக்கும் வந்து நிற்கிறது, வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

கடின நீர் ஆளைக் கொல்லாது, அலைக்கழிக்கும். கொல்லக்கூடியது வேறு. இங்கே பகுதிவாரியாக நேரம் வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நேரம் குழாயில் அழுத்தம் கிடையாது. சாக்கடையை ஒட்டியும் அதற்குள்ளேயும் போகிற குழாயில், ரப்பர் டியூபில் ஒரு கீறல் இருந்தால், வெளியே இருப்பது உள்ளே போகும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாகப் போகும். தாராவியில் விடியற்காலை முதல் இரண்டு குடத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் அம்மா பிடிப்பாள். பாண்டுப்பில் கிளம்பும்போது சுத்தமாக இருந்த தண்ணீர்தான் அதுவும்.

அம்மா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்க ஊர்ப்பக்கம் ரெண்டு சொல் உண்டு, நல்லதண்ணி, உப்புத்தண்ணி. நல்லதண்ணிக் கிணறு ஊருக்குள்ளே. சேரிக்கு உப்புத்தண்ணி. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும், யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றணும். பம்பாய் வந்த முதல் நாள், குழாயைத் தன் கையாலேயே திறந்ததை அம்மா இன்னும் சொல்லுவாள். நம்மில் சிலர் நகரம் என்றாலே முதலாளியச் சுரண்டல் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழாயைத் திறந்த கை யாருடையது என்று கேட்காமல் இதைப் பேச முடியாது. (குழாயடி வரிசையில் சாதி செத்துப்போயிற்று என்று நான் சொல்லவில்லை. குடம் குடத்தில் பட்டால் வரும் வசவில் ஊர் அப்படியே திரும்பி வந்துவிடும்.)

1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அது பம்பாய் மாகாணச் சட்டசபையும் மகாடு நகராட்சியும் தீர்மானம் போட்டு எல்லாருக்கும் திறந்துவிட்ட குளம்தான். ஆனாலும் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நீரின் தரத்துக்கு அவர்கள் கண்ட பரிசோதனை அது. வழக்கு பத்து வருஷம் நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம், தீண்டப்படாதவர்களை விலக்கி வைக்கும் உரிமை வழிவழியாக இருந்து வந்ததென்று சாதி இந்துக்கள் நிரூபிக்கவில்லை என்றது. நிரூபிக்கும் சுமை அன்றைக்கு அவர்கள் தலையில் இருந்தது.

இப்போது சுமை சித்தி தலையில். 1995 சனவரி 1-க்கு முன்னால் அந்த இடத்தில் குடியிருந்ததற்குத் தாள் காட்டினால்தான் குடிசைக்குக் குழாய் என்று இருந்தது. பிறகு அந்தத் தேதியை 2000 சனவரி 1 என்று நகர்த்தினார்கள். பாணி ஹக் சமிதித் தோழர்கள் வழக்குப் போட்டு, 2014 டிசம்பரில் அதே உயர்நீதிமன்றம், தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி, சட்டவிரோதக் குடிசை என்பதற்காக மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பெரிய வெற்றிதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, இவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கலாம், சட்டப்படியான வீட்டில் இருப்பவருக்குச் சமமான உரிமையை இவர்கள் கோர முடியாது என்றும் சொல்கிறது. தள்ளி நில், ஊற்றுகிறோம் என்பது எனக்குக் கேட்டுப் பழகிய குரல்.

சாதிப் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தேதி இருக்கிறது, முகவரி இருக்கிறது. ஆனால் அந்தத் தேதிக்குப் பின்னால் வந்து குப்பைமேட்டு ஓரத்தில் ஒதுங்கியிருப்பவர்களில் எத்தனை பேர் தலித்துகள், எத்தனை பேர் முஸ்லிம்கள் என்று அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் கிளம்புகிற இடத்துக்குப் போனால் அங்கே வேறொரு கூட்டம் விலக்கப்பட்டு நிற்கிறது. தான்சாவும் பாட்சாவும் இருக்கிற சகாப்பூர் தாலுகாவில், கோடை வந்தால் ஆதிவாசிப் பாடாக்களுக்கு டேங்கர் போகிறது. பக்கத்திலேயே பெருங்குழாய் மும்பைக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதை எழுதும் நான் யோக்கியனா என்றால், அதுவும் சொல்ல வேண்டும். போன மாதம் கவுண்டரில் ஓர் அம்மா கணக்குத் தொடங்க வந்தார். மராத்திக்காரர், கழுத்தில் பாபாசாகேப் படம் போட்ட டாலர். முகவரிச் சான்று இல்லை. லைட் பில் வேறொருத்தர் பேரில். "கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினேன். விதி அப்படி, நான் குமாஸ்தா. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரி கவிதை எழுதலாமென்று உட்கார்ந்து ஒரு வரியும் வரவில்லை. இந்தத் தலையங்கம்தான் வந்தது. இதழ் பத்து நாள் தாமதமானதற்கும் அதுவே காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் படிக்கும் மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கடினத்தன்மையைக் கண்டுபிடிப்பது உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்கிற சோதனைதான். பியூரெட்டில் இ.டி.டி.ஏ., எரியோகுரோம் பிளாக் டி இரண்டு சொட்டு, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். மலக்கலப்புக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி போதும், கறுத்தால் சந்தேகம், பிறகு முறையான சோதனைக்கு அனுப்பலாம். மாநகராட்சி தன் குழாயில் பரிசோதிக்கிறது. குழாயே இல்லாத வீட்டின் குடத்தில் இருப்பது அந்தக் கணக்கில் ஏறாது. அதை நாம் எடுப்போம். கோவண்டி, மான்குர்டு, தாராவி மூன்று இடத்திலும், ஒரே நாளில், தெருவாரியாக. தேதி, நேரம், யார் விற்ற தண்ணீர், என்ன விலை, எல்லாம் எழுதி ஒட்ட வேண்டும்.

முதல் பாட்டில் என் மேசையில் இருக்கிறது. சித்தி வீட்டு போர் தண்ணி. மூடியைச் சுற்றி இப்போதே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வர முடிகிறவர்கள் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.