வில்லி இல்லாத வீடு

நமது தொலைக்காட்சித் தொடர்களில் தாம்பத்தியம் என்ற ஒன்றே கிடையாது என்று நான் சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். "தாலியைத் தவிர வேறு எதைப் பற்றியாவது இந்தத் தொடர்கள் பேசியதுண்டா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். தாலி வேறு, தாம்பத்தியம் வேறு. தாலி கட்டுவது, கட்ட விடாமல் தடுப்பது, கட்டியதைக் கழற்றுவது, கழற்றியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுவது - இவையெல்லாம் தாலியைப் பற்றிய சங்கதிகள். ஒரு புருஷனும் ஒரு பெண்சாதியும் ஒரே கூரையின் கீழ் முப்பது வருஷம் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது முற்றிலும் வேறு விஷயம். அதைச் சொல்ல நமது தொலைக்காட்சிக்கு மனமும் இல்லை, வகையும் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஒரு காலத்தில் மனம் இருந்தது. அதற்குச் சாட்சி "ரமணி வெர்சஸ் ரமணி". 1998இல் ராஜ் டி.வி.யில் வந்த தொடர் அது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. "மர்மதேசம்" எடுத்துப் பெயர் வாங்கிய நாகா இயக்கினார். பப்லு பிருத்விராஜும் வாசுகி ஆனந்தும் தம்பதிகளாக நடித்தார்கள். பிறகு வந்த இரண்டாம் பாகத்தில் மனைவி வேடத்தைத் தேவதர்ஷினி ஏற்றார். இன்றைய கணக்கில் பார்த்தால் அற்பாயுசுத் தொடர்தான். ஆனால் தென் சென்னைப் புறநகரில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தத் தம்பதியிடமாவது அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கும். அவ்வளவு பெரிய ஆயுள் படைத்த மற்ற தொடர்களுக்கு அந்தச் சிரிப்பு கிடைத்ததில்லை.

தலைப்பைக் கவனியுங்கள். கோர்ட்டுக் கட்டின் மேல் எழுதுகிற தோரணையில் "வெர்சஸ்" என்று போட்டிருக்கிறது. 1979இல் வந்த "கிராமர் வெர்சஸ் கிராமர்" என்ற அமெரிக்கப் படம் நினைவுக்கு வரும். அந்தத் தம்பதிகள் பிள்ளை யாருக்கு என்று நிஜமான கோர்ட்டுக்கே போனார்கள். நம்முடைய ரமணிகளின் கோர்ட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. வாதியும் ரமணி, பிரதிவாதியும் ரமணி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் தோற்பது ஒரு ரமணிதான் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. குற்றத்தைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக் கொடுத்த தொடர் அது. புருஷனின் அசட்டுத்தனத்துக்கு ஒரு பங்கு, மனைவியின் பிடிவாதத்துக்கு ஒரு பங்கு. மூன்றாவது ஆளுக்கு, அதாவது வில்லிக்கு, பங்கே இல்லை.

இது ஒன்றும் சீமையிலிருந்து இறக்குமதி செய்த ஹாஸ்யமல்ல. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பல்லாவரத்தோடும் அனகாபுத்தூரோடும் பம்மலும் அதில் சேர்ந்தது. அந்தப் பம்மலைத் தம் பெயருக்கு முன்னால் வைத்திருந்த சம்பந்த முதலியார், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்கள் நாடகம் ஆடுவது கௌரவக் குறைவல்ல என்று காட்டியவர். அவருடைய "சபாபதி" என்ன சொல்கிறது? எஜமானனும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. யார் பெரிய அசடு என்று முடிவு கட்ட முடியாதபடி இருவருக்கும் ஒரே பெயர். அதே உபாயம்தான் ஒரு நூற்றாண்டு கழித்து இரண்டு ரமணிகளிடமும் வேலை செய்தது. நம்மைப் பார்த்து நாமே சிரிக்க நமக்குத் தெரியும். தெரிந்ததை மறக்க வைத்தது யார் என்பதே கேள்வி.

மறக்க வைத்தது கிழமைக் கணக்கு. தூர்தர்ஷன் காலத்தில் ஒரு தொடர் என்றால் பெரும்பாலும் 13 வாரம், வாரத்துக்கு ஒரு நாள். கதை சொல்பவன் ஆரம்பிக்கும்போதே முடிவை யோசித்தாக வேண்டும். 1999 டிசம்பரில் சன் டி.வி.யில் "சித்தி" தொடங்கியது. அதன் வெற்றியோடு தினசரித் தொடர் என்பது தமிழ்நாட்டின் சாயங்கால வழக்கமாகிவிட்டது. 2003இல் தொடங்கிய "கோலங்கள்" 2009 வரை ஓடி 1,500 பகுதிகளைத் தாண்டியது. தயாரிப்பாளர் நேரத்தை விலைக்கு வாங்கி, அதில் வருகிற விளம்பரத்தை விற்றுப் பிழைக்கிற ஏற்பாட்டில், ஓடுகிற தொடரை நிறுத்துவது கறக்கிற மாட்டைக் கசாப்புக் கடைக்கு அனுப்புவது போல. யார் நிறுத்துவார்கள்? பத்திரிகைத் தொடர்கதையும் "அடுத்த வாரம்" என்ற தூண்டிலை வைத்துத்தான் வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் "பொன்னியின் செல்வ"னே 1950இல் தொடங்கி 1954இல் முடிந்துவிட்டது. சோழ சாம்ராஜ்யத்துக்கு மூன்றரை வருஷம் போதுமாக இருந்தது. ஒரு மருமகள் பட்ட அவமானத்துக்கு ஆறு வருஷம் தேவைப்படுகிறது!

இந்த ஏற்பாட்டில் தாம்பத்திய ஹாஸ்யம் ஏன் பிழைக்காது என்பதை யோசித்தால் விஷயம் விளங்கும். தினசரித் தொடருக்கு வேண்டியது "நாளைக்கு என்ன ஆகுமோ?" என்ற பதைப்பு. புருஷன் பெண்சாதி சண்டையில் அந்தப் பதைப்பு இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் காப்பி வரும், அதில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். இதை வைத்து ஒரு வெள்ளிக்கிழமை இரவைத் திங்கட்கிழமை வரை இழுத்துக் கட்ட முடியாது. ஆகையால் விஷம் கலந்த பாலும், ஒளிந்து கேட்கும் நாத்தனாரும், காணாமல் போன கர்ப்பப் பரிசோதனைக் காகிதமும் வந்து சேர்கின்றன.

கதை கேட்டு என் வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். இளைஞர், மிகவும் மரியாதைப்பட்டவர். சேலையூரில் குடியிருக்கும் ஒரு தம்பதியின் கதையை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். எங்க அம்மா அப்பாவைப் பார்த்த மாதிரியே இருக்கு. ஆனா இதுல கெட்டது செய்யறது யாரு சார்?"

"யாரும் இல்லை, தம்பி. இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம்."

"அது போதாது சார். ஒரு மாமியாரை உள்ளே விட்டுடலாமா?"

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அனுப்பியவர்கள் அவரிடம் கேட்கப் போவதைத்தான் அவர் என்னிடம் கேட்டார். என் மனத்தில் தைத்தது அவர் முதலில் சொன்ன வாக்கியம். தம்முடைய தாய் தகப்பனைப் போலவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட கதை, அந்தக் காரணத்தாலேயே உதவாது என்று ஆகிவிட்டதே! தாய் தகப்பனை எந்த வீட்டில் போய்த் தேடுவது?

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் சாயங்காலம் நடந்து வந்தால், அந்தத் தாய் தகப்பனை ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. எத்தனை தலைமுறைத் தம்பதிகளை அது காலையில் பிரித்துச் சாயங்காலம் சேர்த்து வைத்திருக்கிறது! குரோம்பேட்டையில் இறங்கிக் கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள் உத்தியோகத்திலிருந்து திரும்புகிறாள். அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டவர் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து, "ஏம்மா, இன்னிக்கு லேட்டா?" என்கிறார். அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. "மோட்டார் போட்டீங்களே, நிறுத்தினீங்களா?" என்று அவள் கேட்கும்போது மாடித் தொட்டி நிரம்பித் தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய நாடகம் எந்தத் தொடரில் இருக்கிறது?

பெரிய சம்பவமே இல்லாத வாழ்க்கை என்றும் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உயிர் தப்பினால் போதும் என்று ஜனங்கள் மாடிகளில் ஒதுங்கினார்கள். ஒரு தினசரித் தொடர் அதை எடுத்தால், அந்த வெள்ளத்தில் கணவனைத் தொலைத்து, நினைவு தப்ப வைத்து, வேறொருத்தியிடம் கரை சேர்த்திருக்கும். நிஜத்தில் என்ன நடக்கிறது? வெள்ளம் வடிகிறது, சேற்றை இருவரும் சேர்ந்து வாரிக் கொட்டுகிறார்கள், ஊறிப்போன மெத்தையைத் தெருவில் போட்டுவிட்டு வரும்போது அவள், "தரைத்தளம் வேண்டாம்னு நான் அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்கிறாள். அந்த வார்த்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வரும். மரணத்தின் வாசலை ஒன்றாகப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர் தரைத்தளத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதில் சிரிப்பும் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. அதுதான் தாம்பத்தியம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நீர் சிரிக்கச் சொல்கிறீர். வீட்டுக்கு வீடு அடியும் உதையும் நடக்கிறதே, அதற்கும் சிரிப்பதா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனின் கொடுமைக்கு ஆளானவர்கள். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு யாரும் சிரிக்க முடியாது, சிரிக்கவும் கூடாது.

ஆனால் சரிசமமான இரண்டு பேரை வைத்துத்தான் தாம்பத்திய ஹாஸ்யத்தை எழுத முடியும் என்பதை அந்தச் சகோதரி யோசிக்க வேண்டும். கை ஓங்கிய கணத்தில் ஹாஸ்யம் செத்துவிடுகிறது. பார்ப்பவனின் சிரிப்பும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எது சண்டை, எது கொடுமை என்று பிரித்துக் காட்டுகிற கோடு அதுதான். அழுகைத் தொடருக்கு இந்தக் கோடு கிடையாது. அங்கே அடி ஓர் அலங்காரம். மெதுவாக்கி, மூன்று முறை திருப்பிக் காட்டி, பின்னணி இசை சேர்த்துப் பரிமாறுகிறார்கள். அடிபட்டவளின் பொறுமை மகிமைப்படுகிறது. பெண்ணுக்குத் துணிச்சலைச் சொன்ன தொடர்களும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷத் துணிச்சலுக்கு ஐந்து வருஷ அழுகையை முன்பணமாகக் கேட்டால் என்ன நியாயம்?

வில்லியால் வரும் இன்னொரு நஷ்டத்தையும் சொல்கிறேன். வில்லி இருக்கிற வீட்டில் புருஷனுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. எல்லாத் தீமைக்கும் காரணம் மாமியார் அல்லது நாத்தனார்; அவன் பாவம், ஏமாந்தவன். இந்திய அரசின் 2019ஆம் வருஷத்து நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். செய்கிற பெண் 299 நிமிஷம் செய்கிறாள். செய்கிற ஆண் 97 நிமிஷம். இந்த அநியாயத்தை எந்த வில்லி செய்தாள்? ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுகிற சாதுவான, நல்லவரான, உங்களையும் என்னையும் போன்ற மனிதர்தான் செய்தார். அவரைக் கூண்டில் ஏற்ற விஷப் பாலுக்குத் தெரியாது, ஹாஸ்யத்துக்குத்தான் தெரியும். அந்த ஈரத் துண்டை அது எடுத்துக் காட்டும், அவரும் சிரிப்பார், சிரித்த பிறகு மறுநாள் துண்டைப் போடும்போது ஒரு விநாடி கை தயங்கும். இலக்கியத்தால் ஆகக்கூடிய காரியம் பெரும்பாலும் அந்த ஒரு விநாடிதான். அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

"ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று கடைசியில் ஒரு வாதம் வரும். ஜனங்கள் எப்போது கேட்டார்கள்? எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடைதான் திறந்திருக்கிறது என்றால் பசித்தவன் அங்கேதான் போவான். அவன் இலையை எண்ணிப் பார்த்து, "இந்தக் குழம்பு அவனுக்கு உயிர்" என்று முடிவு கட்டுவது சரியல்ல. ஜனங்களுக்கு உண்மையிலேயே வேண்டாதது என்றால், அந்தப் பழைய தொடரை 2022இல் அதே நாகாவும், அதே பிருத்விராஜும், அதே வாசுகி ஆனந்தும் சேர்ந்து ஆஹா என்ற இணையத் தளத்தில் மூன்றாம் முறையாகக் கொண்டு வந்திருப்பார்களா? இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நினைவு காத்திருந்தது. காத்திருந்தவர்கள் ஜனங்கள் இல்லையா?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நாவல் படிக்கிறவர்கள். மனித மனத்தின் நுணுக்கத்தைப் பக்கம் பக்கமாக ரசிக்கிறவர்கள். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு, "பொழுது போகணுமே" என்று சொல்லி, புத்தகத்தில் கிழித்துப் போட்டிருக்கக்கூடிய கதையைத் திரையில் சகித்துக்கொள்கிறீர்கள். புத்தகத்துக்கு ஒரு ருசி, திரைக்கு ஒரு ருசி என்று வைத்துக்கொள்வது நாக்குக்கு நல்லதல்ல. திரையிலும் உங்கள் வீட்டைக் கேளுங்கள். நடுக்கூடத்திலிருந்து மாடிப்படி வளைந்து ஏறுகிற பங்களா வேண்டாம். சிட்லபாக்கத்தில் இரண்டு அறையும் ஒரு கூடமும் போதும். நகை பூட்டிக்கொண்டு படுக்கிற மருமகள் வேண்டாம். தலைவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு படுக்கிறவளைக் காட்டச் சொல்லுங்கள்.

தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது இன்னும் கொஞ்சம். பதின்மூன்று வாரம் கொடுங்கள். ஒரு புருஷன், ஒரு பெண்சாதி, ஒரு தண்ணீர் மோட்டார். மாமியார் வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் அவளும் மனுஷியாக இருக்கட்டும். பதினான்காவது வாரம் கதையை நிறுத்திவிடுங்கள். அந்தத் தம்பதிகள் அதற்குப் பிறகும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் தினம் தினம் வந்து சொல்ல வேண்டியதில்லை. மீதியை நாங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்.