பாலுண்ணியில் ஒளிந்திருக்கும் வைரசு

கையிலோ காலிலோ தோன்றும் பாலுண்ணியை நாம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தமிழ் நாட்டிலே சிலர் கோயிலில் உப்பும் மிளகும் இடுவதாக நேர்ந்துகொள்வர். நேர்த்தி பலித்ததென்று அவர்கள் மகிழ்வதற்கும் இடமுண்டு. பல பாலுண்ணிகள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. ஆனால், மறைவதற்கு மாதங்கள், சிலவேளை ஆண்டுகள், ஏன் செல்லவேண்டும்?

இதற்குக் காரணமான கிருமிக்குப் பப்பிலோமா வைரசு என்று பெயர். நமது புறத்தோலின் அடித்தளத்திலுள்ள கலங்கள் இடையறாது பிரிந்து பெருகுபவை. அவற்றின் வழித்தோன்றல்கள் படிப்படியாக மேலேறி, கெரற்றின் என்னும் உரமான புரதம் நிரம்பித் தட்டையாகி, இறந்து, ஈற்றிலே செதிளாக உதிர்கின்றன. இப்பயணம் ஏறக்குறைய ஒரு மாதம். சிறு கீறல் வழியே அடித்தளத்தை அடையும் வைரசு, இப்பயணத்தையே தன் நாட்காட்டியாகக் கொள்கின்றது.

அடித்தளக் கலத்தில் அது அடங்கியே கிடக்கும். சில புரதங்களை மாத்திரம் சிறிதளவில் ஆக்கும். கலம் மேலேறி முதிரத் தொடங்கியதும் தன் பரம்பரைப் பொருளைப் பன்மடங்கு பெருக்கும். எல்1, எல்2 என்னும் கூட்டுப் புரதங்களையோ, உதிரப்போகும் மேற்படைகளிலேதான் ஆக்கும். உடலின் காவற் கலங்கள் அரிதாகவே எட்டிப்பார்க்கும் இடம் அது! அங்கே வைரசு கலத்தை வெடிக்கச் செய்வதுமில்லை, இரத்தத்திற் கலப்பதுமில்லை. உதிரும் செதிளே அதன் வாகனம். நமது எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளத் தாமதிப்பதில் வியப்பென்ன?

ஆராய்ச்சியாளரையும் இது நெடுங்காலம் திணறவைத்தது. ஆய்வுகூடப் பாத்திரத்திலே சாதாரணமாக வளரும் தோற்கலங்கள் முற்றாக முதிர்வதில்லை. ஆதலால் வைரசும் விளைவதில்லை. மேற்புறத்திற் காற்றுப் படும்படி தோலைப் படைபடையாக வளர்த்த பின்னரே, 1992ஆம் ஆண்டில், முழு வைரசு அங்கே விளைந்தது.

இக்குடும்பத்தின் 16ஆம் வகையைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலே 1983இல் கண்டறிந்தவர் ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹவுசன். 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் இயான் பிரேசரும் ஜியான் சோவும், ஆய்வுகூடத்தில் ஆக்கிய கூட்டுப் புரதங்கள் தாமாகவே இணைந்து வெறுங்கூடாக அமைவதை 1991இல் காட்டினர். அக்கூட்டினுள் வைரசின் பரம்பரைப் பொருள் இல்லாமையால் அது நோய் விளைக்காது. எல்1 கூட்டைக் கொண்டே ஆக்கப்பட்ட தடுப்பூசி 2006இல் பாவனைக்கு வந்தது. நமது நாட்டில் 2017ஆம் ஆண்டு தொடக்கம் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு ஏற்றப்படுகின்றது.

ஏன் அவ்வளவு இளவயதில் என்று தாய்மார் வினவுவர். அடித்தளத்தில் உறங்கும் வைரசு எல்1 புரதத்தை ஆக்குவதேயில்லை. ஆகவே வைரசு உட்புகுந்து குடிகொண்ட பின்னர், அப்புரதத்தைத் தேடும் எதிர்ப்பொருளுக்கு அங்கே பிடிகிடைப்பதில்லை.