குழல் ஊதியது யார்?

பழைய ராக் இசைத்தட்டுகளில் மோகம் கொண்ட நேயர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழலோ பிடிலோ சற்று மங்கலாகக் கேட்டால் போதும். “இது மெல்லோட்ரான்!” என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். வேறு சிலருக்கோ எல்லாமே பெரிய வாத்தியக் கோஷ்டிதான். இரண்டும் அவசரத் தீர்ப்பு. இதில் யாரோ ஒரு கலைஞனின் உழைப்பு மறைந்து போகிறது என்பதே என் புகார்.

மெல்லோட்ரான் பார்வைக்கு ஆர்கன் பெட்டி. உள்ளே இருப்பதோ ஒலிப்பதிவு நாடாக்கள். 1963-ல் இங்கிலாந்தில், பர்மிங்காமில், பிராட்லி சகோதரர்கள் மூவர் இதைத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் செய்த கருவிதான் இதற்கு மூலம். அவருடைய விற்பனையாளர் ஒருவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார், தம்பி பிறந்துவிட்டான். அண்ணனைப் பெற்றவருக்கு முதலில் விஷயமே தெரியாது!

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா. அதில் நிஜமான கலைஞர் ஒருவர் ஒரே ஒரு சுரத்தை வாசித்துப் பதிந்திருப்பார். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய 8 விநாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். மறுபடி தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு சுரம் 8 விநாடியைத் தாண்டி விடாமல் நின்றால், அது இந்தப் பெட்டி அல்ல. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும்போது அதன் எடுப்பைக் கவனியுங்கள். மனிதன் இரண்டு முறை ஒரே மாதிரி வில் போடமாட்டான், நாடா போடும். பிடில்காரர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவார். இங்கே ஒவ்வொரு சுரமும் தனித்தனி ஆசாமி! போதாததற்கு நாடாவின் ஓட்டம் லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில்தான் இதன் அழகே இருக்கிறது என்பது என் கட்சி.

பீட்டில்ஸ் குழுவினரின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ (1967) காதுக்கு நல்ல பரீட்சை. தொடக்கத்தில் வரும் குழல், பால் மக்கார்ட்னி வாசித்த மெல்லோட்ரான். பின்னால் வரும் டிரம்பெட்டும் செல்லோவும் நிஜக் கலைஞர்கள் வாசித்தவை. ஒரே பாட்டில் இரண்டும் இருக்கின்றன; பிரித்துக் கேட்டுப் பழகலாம். அதே ஆண்டு மூடி புளூஸ் வெளியிட்ட ‘நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்’ பாட்டில் அலையலையாக எழும் பிடில் ஓசையைக் கோஷ்டி என்றே பலர் நம்புகிறார்கள். அந்த இசைத்தட்டில் கோஷ்டியும் உண்டுதான். ஆனால் பாடலுக்குள் எழும் அலை மைக் பிண்டரின் மெல்லோட்ரான். அவர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். பெட்டியின் நாடித் துடிப்பு தெரிந்தவர்.

எதிர்ப்பக்கத்துத் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. லெட் செப்பெலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971) தொடக்கத்தில் வரும் குழல்களை மெல்லோட்ரான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. இல்லை ஐயா! அவை ரிக்கார்டர் என்னும் மரக்குழல்கள். ஜான் பால் ஜோன்ஸ் தம் மூச்சால் ஊதியவை. மேடையில் அந்தப் பகுதியை மெல்லோட்ரானில் வாசித்ததால் வந்த குழப்பம் இது. ஒரு மனிதன் மூச்சுப் பிடித்து ஊதியதை இயந்திரத்தின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

இயந்திரம் என்று சொல்லிவிட்டால் மட்டும் வழக்கு முடிந்துவிடுமா? 1968-ல் வந்த பீட்டில்ஸ் பாட்டு, ‘பங்களோ பில்’. அதன் முகப்பில் ஒரு ஸ்பானிய கிதார் வீச்சு பளிச்சென்று பாய்கிறது. நால்வரில் யாரும் அதை வாசிக்கவில்லை. மெல்லோட்ரானின் நாடாவில் தயாராக இருந்ததை ஒரு விரல் தட்டி எழுப்பியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிதாரை மீட்டியவனும் மனிதன்தானே? இந்தப் பெட்டி பிழைப்பைக் கெடுக்கும் என்று பிரிட்டனில் இசைக் கலைஞர் சங்கம் அந்நாளில் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பழைய இசைத்தட்டுகள் இன்றும் புது உறையுடன் மறுபதிப்பாக வருகின்றன. ‘மெல்லோட்ரான்: இன்னார்’ என்று கட்டையை அழுத்தியவர் பெயரைப் போடுகிறார்கள். நாடாவில் வாசித்தவர் பெயர் தெரிந்த இடத்தில் அதையும் ஒரு வரி சேர்த்தால், மை எவ்வளவு செலவாகிவிடும்?