பிரெஞ்சுப் பாஷையும் நமது இளைஞரும்

அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறிற்று. அதன் அண்டை நாடான பெனினில் ராஜாங்க பாஷை பிரெஞ்சு. ஆகவே அவ்வூர் இளைஞர் பிரெஞ்சு பயில்வதை வீண் ஆடம்பரமென்று நாம் தள்ளமாட்டோம். ஆனால் அதன் இலக்கணத்தை ஆங்கிலத்தின் வழியே புகட்டுவது நமக்குச் சம்மதமில்லை. 'நீ', 'நீங்கள்' என்னும் பேதம் பிரெஞ்சில் 'த்யு', 'வூ' என நிற்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் 'யூ' ஒன்றே. 'பேசுகிறேன்', 'பேசுகிறோம்' என்பதுபோல் அங்கும் 'பார்ல்', 'பார்லோன்' என வினைமுடிவு மாறும். தமிழனுக்கு இது புதிதா? மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் விபரீதம்! அங்கே நமது அஃறிணை உதவாது. பெயர் ஒவ்வொன்றையும் 'ல', 'லா' என்னும் முன்சொல்லோடு நெட்டுருச் செய்தே தீரவேண்டும். தமிழிலேயே எழுதிய பிரெஞ்சுப் பாலபாடமொன்றை மலிவு விலையில் வெளியிடுமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.