புலிப் பாதுகாப்பும் குடியானவர் பங்கும்

விவசாயிகளுக்கான மாதப் பத்திரிகையில் புலியைப்பற்றிப் பிரஸ்தாபிப்பானேன் என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் பக்கங்களில் குடியானவர்களுக்குத் தொல்லை விளைவிப்பவை காட்டுப்பன்றியும் மயிலுமேயன்றிப் புலியல்ல. ஆயினும், காட்டுப் பிராணியால் நஷ்டமடைந்தவர் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது, அந்த நஷ்டத்தை ஏற்கவேண்டியவர் யார் என்னும் கேள்விகள் நீலகிரியில் பசுவை இழந்தவருக்கும் இவ்விடத்தில் மணிலாக்கொட்டையை இழந்தவருக்கும் பொதுவானவை. புலியின் விஷயத்தில் இக்கேள்விகள் மிகத் தெளிவாக எழுந்திருக்கின்றன. ஆகையால் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் இதைக் கவனித்தல் நலம்.

புலிகளின் தற்கால நிலைமை

1972-ஆம் ஆண்டில் காலடித் தடங்களைக்கொண்டு எடுத்த கணக்கின்படி இந்தியா முழுவதிலும் 1,827 புலிகளே இருந்தன. வேட்டையாலும் தோல் வியாபாரத்தாலும் காடழிவாலும் இந்த இனம் அற்றுப்போகும் என்ற அச்சம் அப்பொழுது உண்டாயிற்று. அவ்வாண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி 9 காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று.

சட்டமும் காவலும் ஏற்பட்டும் திருட்டு வேட்டை ஓயவில்லை. இராஜஸ்தானத்திலுள்ள சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலியேனும் மிஞ்சவில்லை என்ற செய்தி 2005-ல் வெளியானபோது தேசமே திடுக்கிட்டது. அதன் பின்னரே தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. காலடித் தடத்தை மாத்திரம் நம்பாமல், காட்டில் தானே படம் பிடிக்கும் காமிராக்களை வைத்து, ஒவ்வொரு புலியையும் அதன் வரிகளால் அடையாளங் கண்டு மதிப்பிடும் முறையும் வழக்கத்திற்கு வந்தது. இம்முறையில் 2006-ல் 1,411 என்றும், 2010-ல் 1,706 என்றும், 2014-ல் 2,226 என்றும், 2018-ல் 2,967 என்றும், 2022-ல் சராசரியாக 3,682 என்றும் தொகை ஏறிவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 2006-ல் 76 ஆக இருந்தது 2022-ல் 306 ஆயிற்று.

நம் மாகாணத்தில் களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என ஐந்து காப்பகங்கள் உள. முதலாவது 1988-லும் கடைசியானது 2021-லும் ஏற்பட்டவை. தாமிரவருணி களக்காடு-முண்டந்துறைக் காடுகளில் பிறந்து திருநெல்வேலி, தூத்துக்குடி வயல்களுக்குப் பாய்கிறது. மோயாறு முதுமலை, சத்தியமங்கலக் காடுகளின் வழியே வந்து பவானிசாகர் அணையை நிரப்புகிறது. வைகையின் உற்பத்தி ஸ்தானம் மேகமலை, வருசநாட்டு மலைகள். புலி மழையைக் கொண்டுவருவதில்லை என்பது மெய்யே. ஆனால் புலிக்கென்று விடப்பட்ட காடுதான் இந்நதிகளின் நீர்ப்பிடிப்பும் ஆகும். புலி தழைக்கவேண்டுமாயின் மானும், மானுக்குப் புல்லும், புல்லுக்குத் தண்ணீரும் வேண்டியிருப்பதால், அது இருக்கும் காடு வளம் குன்றாத காடென்று கொள்ளலாம்.

பிற தேசங்களின் நிலையும் அறியத்தக்கது. புலி வாழும் 13 தேசங்கள் 2010-ல் ரஷ்யாவிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடி, 2022-க்குள் புலிகளை இரட்டிப்பாக்குவதென்று தீர்மானித்தன. நேபாளத்தில் 2009-ல் 121 ஆக இருந்தவை 2022-ல் 355 ஆயின. சத்தியமங்கலக் காப்பகமும் தன் புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக 2022-ல் சர்வதேசப் பரிசு பெற்றது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய தேசங்களிலோ காட்டுப்புலி இனம் அற்றுப்போயிற்று. அங்கும் காடுகள் இருந்தன. கண்ணியும் திருட்டு வேட்டையும் புலியையும் அதன் இரையையும் ஒழித்துவிட்டன.

பாரம் யார்மீது விழுகிறது?

இவ்வெற்றிக்குக் காரணமானவர்களைச் சொல்லும்போது வன இலாகாக் காவலர்களையும் விஞ்ஞானிகளையும் சட்டத்தையும் குறிப்பிடுவது வழக்கம். அவர்கள் புகழுக்கு உரியவர்களே. ஆனால் மற்றொரு சாரார் பெயர் அதிகமாகச் சொல்லப்படுவதில்லை. இந்தியாவில் புலிகள் நடமாடும் சுமார் 1,38,200 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைச் சுமார் 6 கோடி ஜனங்கள் அவற்றோடு பகிர்ந்துகொண்டிருப்பதாக 2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கிறது. இவர்களிற் பெரும்பாலோர் மாடு மேய்ப்பவரும் சிறு குடியானவருமேயாவர். இவர்களது பொறுமை இல்லாவிடில் எத்தனை காவலர்களை நியமித்தாலும் புலி பிழைத்திராது.

அப்பொறுமைக்கு அவர்கள் கொடுக்கும் விலை சிறிதல்ல. கறவைப் பசு ஒன்றைப் புலி அடித்துவிட்டால் அன்றாடப் பால் வரும்படி போகிறது. அடுத்த ஈற்று போகிறது. நிலத்திற்குச் சேரவேண்டிய சாணமும் போகிறது. மாட்டின்மேல் வாங்கிய கடன் மாத்திரம் போவதில்லை. ஆளைப் பறிகொடுத்த வீட்டின் துயரத்தையோ எந்தக் கணக்கிலும் அடக்க இயலாது.

விஷம் வைப்பதன் பலன்

நீலகிரி ஜில்லாவில் அவலாஞ்சிக்கு அருகே 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. தம் பசுவைப் புலி அடித்துவிட்ட ஆத்திரத்தினால் அதன் உடலில் பூச்சிமருந்தைத் தடவியதாக மாட்டின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஈரோடு ஜில்லாவை ஒட்டிய கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைக் காட்டில், தாய்ப்புலி ஒன்றும் குட்டிகள் நான்குமாக ஐந்து புலிகள் ஒரே இடத்தில் மாண்டன. அவ்விடத்திலும் விஷமிட்ட பசுவின் உடலே காரணமாகக் கண்டறியப்பட்டது.

புலி தான் அடித்த மாட்டை ஒரே வேளையில் தின்று தீர்ப்பதில்லை. எஞ்சியதை மறைவில் விட்டு மீண்டும் மீண்டும் அதனிடம் வரும். குட்டிகள் இருப்பின் அவற்றையும் அழைத்துவரும். விஷம் வைப்பவர் இவ்வழக்கத்தையே பயன்படுத்திக்கொள்கிறார். ஆனால் அந்த உடலுக்குப் புலி மாத்திரம் வருமென்று சொல்வதற்கில்லை. நரியும் நாயும் காகமும் கழுகும் வரும். தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் எஞ்சியிருக்கும் சில இடங்களுள் மோயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. அங்கே விஷமிட்ட உடல் ஒன்று ஒரு கழுகுக் கூட்டத்தையே அழித்துவிடலாம். ஊர் நாயும் கன்றும் சிறு பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் இத்தகைய விஷத்தை வைப்பதன் அபாயத்தைச் சொல்லவேண்டியதில்லை.

விஷம் வைத்தவருக்குக் கிடைப்பதுதான் என்ன? போன மாடு திரும்புவதில்லை. நஷ்டஈடு கேட்கும் வழியும் அடைபட்டுப்போகிறது. புலியைக் கொன்ற குற்றம் ருசுவானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைவாசமும் அபராதமும் உண்டு. ஒரு மாட்டை இழந்தவர் தம் குடும்பத்தையே இழப்புக்கு உள்ளாக்குகிறார். பயிரைக் காக்கத் தயாரித்த மருந்தைச் சீட்டில் குறித்த பயிர்க்கும் பூச்சிக்குமன்றி வேறெதற்கும் உபயோகிப்பது தகாதென்பதையும் குடியானவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

நஷ்டஈடு தருமமாகாது

எனினும் தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. நஷ்டஈட்டை இரக்கத்தால் கொடுக்கும் தருமமாகக் கருதும் மனப்பான்மை முதலில் ஒழியவேண்டும். ஏரித் தண்ணீரை ஆயக்கட்டுதாரர் அனைவரும் அனுபவிக்க, கரையைச் செப்பனிடும் செலவை ஒருவர் தலையில் மாத்திரம் சுமத்துவதை எந்தக் கிராமமும் நியாயமென்று ஒப்பாது. புலியைக் காப்பதென்று தேசம் முழுவதும் தீர்மானித்திருக்கிறது. அதனால் விளையும் நீரும் நிழலும் புகழும் எல்லோருக்கும் பொது. ஆகவே மாட்டின் விலையையும் எல்லோரும் பொதுவில் ஏற்பதே முறை. காட்டு விலங்கால் உயிரிழந்தவர் குடும்பத்திற்குரிய உதவித்தொகையை மத்திய சர்க்கார் 2023-ல் 5 இலட்சம் ரூபாயிலிருந்து 10 இலட்சமாக உயர்த்தியது தக்க காரியமே. மாட்டின் விஷயத்திலும் தொகை சந்தை விலைக்கு ஒத்ததாயிருத்தல் வேண்டும். தொகையைவிட முக்கியமாக, அது தாமதமின்றிக் கைக்கு வருதல் வேண்டும்.

2021-ல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி ஒன்றை வன இலாகாவினர் 21 நாட்கள் இடைவிடாது தேடி, அக்டோபர் 15-ஆம் தேதி மயக்கமருந்து செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். கும்கி யானைகளும் பறக்கும் காமிராக்களும் அத்தேடுதலில் ஈடுபட்டன. ஒரு புலிக்காக இவ்வளவு சிரத்தை எடுக்கக்கூடிய நிர்வாகம், அதில் நூறில் ஒரு பங்கு சிரத்தையை மாடிழந்தவரின் மனுவிற்குச் செலுத்தினால், பூச்சிமருந்துப் புட்டி காட்டுப் பக்கம் போகாது.

நஷ்டஈட்டைத் தாராளமாக்கினால் பொய் மனுக்கள் பெருகும் என்பது சிலரது ஆட்சேபம். புலியின் பற்குறி, காலடி, இழுத்துச் சென்ற தடம் ஆகியவை பழகிய கண்ணுக்குத் தப்பா. கால்நடை வைத்தியர் அத்தாட்சியும் படமும் இருக்கையில் ஏமாற்றுவது எளிதல்ல. ஒன்றிரண்டு பொய் மனுக்களுக்கு அஞ்சி உண்மையான மனுக்களை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவது, களைக்கு அஞ்சி விதைப்பை நிறுத்துவதை ஒக்கும்.

மேய்ச்சல் விஷயம்

மேய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றில் மாடு மேய்ப்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-ல் தடைசெய்தது. ஈரோடு ஜில்லாவின் பர்கூர் மலைப் பகுதி 2024-ல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்திற்குள் வந்தது. காட்டுப் பட்டிகளில் தலைமுறைகளாக வளர்ந்துவந்த பர்கூர் மாட்டினம் என்னவாகும் என்று அம்மலைவாசிகள் கவலைப்படுவதில் நியாயமிருக்கிறது. மாட்டோடு புலி பழகாதிருப்பது இருவர்க்கும் நன்மையென்பதும், மாட்டு வியாதி காட்டு விலங்கிற்குத் தொற்றாதிருக்க வேண்டுமென்பதும் உண்மையே. ஆனால் மேய்ச்சலை நிறுத்து என்று சொல்பவர் தீவனத்திற்கு வழிசெய்யவும் கடமைப்பட்டவர். கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும், அகத்தியும், சோளத்தட்டும் கிடைக்கச் செய்து, உள்நாட்டு இனத்திற்கென்று வரையறுத்த மேய்ச்சல் பரப்பையும் விட்டுவைத்தாலன்றி, தடையுத்தரவு ஜனங்களைப் புலியின் பகைவராக்கும்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திற்குரிய பாடம்

புலியில்லாத இத்தாலுகாவில் இவ்விஷயம் பன்றியின் வடிவில் வருகிறது. காய்பிடித்த மணிலாக்கொட்டைக் கொல்லையை ஓர் இரவில் உழுதாற்போல் கிளறிவிடும் பன்றிக் கூட்டத்தின்மீது கோபம் உண்டாவது இயல்பே. அக்கோபத்தில் சிலர் மின்சாரக் கம்பியை வரப்பில் இழுக்கிறார்கள். சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். மயிலுக்கு விஷத் தானியம் தூவுவோரும் ஆங்காங்கு உண்டு. தர்மபுரி ஜில்லா மாரண்டஅள்ளிப் பக்கத்தில் 2023 மார்ச்சில் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதருக்கும் அக்கம்பி அதே யமனாகும்.

மின்வேலிக்கு 2023-ல் தமிழ்நாட்டில் தனி விதிகள் ஏற்பட்டுள்ளன. பதிவு செய்து, வரையறுத்த விட்டுவிட்டுப் பாயும் மின்சக்தியைக்கொண்டே அதை அமைக்கலாம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வன இலாகாவினரே சுடுவதற்கு 2025 ஜனவரியில் அனுமதி அறிவிக்கப்பட்டது. இவ்வதிகாரம் இலாகாவிற்கேயன்றிக் குடியானவருக்கு இல்லை. ஆகையால் மனுக் கொடுப்பதும் வற்புறுத்துவதுமே சரியான மார்க்கம்.

கிராம அதிகாரிகளின் கடமை

இம்மார்க்கம் பயன்படுவதும் பயன்படாததும் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரைப் பொறுத்தது. பயிர்ச் சேதமோ கால்நடைச் சேதமோ நேர்ந்த அன்றே இடத்தைப் பார்வையிட்டு, சர்வே நம்பர், பரப்பு, பயிரின் வயது, சேதத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்து அறிக்கை அனுப்புதல் வேண்டும். பட்டா ஒருவர் பெயரிலும் சாகுபடி மற்றொருவர் கையிலும் இருக்குமிடத்தில், நஷ்டமடைந்தவர் சாகுபடி செய்தவரே என்பதைத் தயங்காது எழுதுதல் வேண்டும். குடியானவரும் இறந்த கால்நடையை இடம் பெயர்க்காமலும் சேதமான பயிரை உடனே அழித்துவிடாமலும் படமெடுத்து வைத்து, வனச்சரக அலுவலகத்திற்குத் தகவல் கொடுத்து, மனு கொடுத்ததற்கு ரசீது பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

புலி பெரிதா, மனிதன் பெரிதா என்று வாதிப்பதில் பிரயோஜனம் இல்லை. நேபாளத்திலும் சத்தியமங்கலத்திலும் புலி பெருகியது, காட்டோரத்து ஜனங்கள் அதைச் சகித்ததனால்தான். சகிப்புக்கு எல்லை உண்டு. மாடு போன மூன்றாம் மாதமும் பணம் வராத வீட்டில் அவ்வெல்லை வெகு சமீபத்தில் இருக்கிறது. புலிகளுக்கென ஒதுக்கும் பொருளில், மாடிழந்தவருக்குக் காலதாமதமின்றிக் கொடுப்பதையே முதற் செலவாக வைத்தல் வேண்டும். அதை வற்புறுத்திக் கேட்கும் உரிமை காட்டோரத்தாருக்கு மட்டுமின்றி, இதே நியாயத்தைப் பன்றியின் விஷயத்தில் எதிர்பார்க்கும் சமவெளிக் குடியானவர்களுக்கும் உண்டு.