பரணில் உறங்கும் பாங்கோசை

பள்ளிவாசல்களின் மாடியறைகளில் கிடக்கும் பழைய பொருள்களுக்கு நம்மிடையே பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது: "எடைக்குப் போட்டு விடுங்கள்." கிழிந்த பாய்கள், ஓடாத மின்விசிறிகள் இவற்றுக்கிடையே, பெயர்த்தகடு உதிர்ந்துபோன கனத்த இரும்புப் பெட்டி ஒன்றும் பல மஹல்லாக்களில் கிடப்பதுண்டு. ஒரு காலத்தில் ஊரையே தொழுகைக்கு அழைத்த வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் அது. மக்கள் வழக்கில் 'மைக் செட்'. அதை எடைக்குப் போடுமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள்ளன.

அழைப்பொலி தொலைவு சென்று சேர வேண்டும் என்ற அக்கறை நமக்குப் புதிதன்று. பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். ஆயினும், பிலால் (ரலி) அவர்களின் குரலே உரத்த குரல் என்பதால் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மஸ்ஜிதுன் நபவியின் அருகே பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவரின் வீடே உயரமானதாக இருந்தது. அதன் கூரைமீது ஏறியே பிலால் (ரலி) அவர்கள் ஃபஜ்ரு பாங்கு சொன்னார்கள். அந்தக் கூரைக்குப் பின் மினாராக்கள் எழுந்தன. நம் தமிழகத்துப் பள்ளிகளில் நகரா முழங்கியது. 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டது. பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி அமைந்ததாக அறியப்படும் நிகழ்வுகளில் இதுவே முதலாவது.

அக்கருவி எளிதாக வரவேற்கப்பட்டுவிடவில்லை. அதில் வெளிவருவது இமாமின் குரல்தானா, அன்றி அதன் பிரதியா? பிரதி எனில், அதைக் கேட்டு ருகூவும் ஸுஜூதும் செய்பவரின் தொழுகை கூடுமா? உலமாக்கள் இதனை மிகுந்த பொறுப்புடன் ஆராய்ந்தனர். முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் நவீனக் கருவிகளின் ஷரீஅத் சட்டங்கள் குறித்து உருது மொழியில் எழுதிய நூலில் ஒலிபெருக்கியும் இடம்பெற்றது.

அந்தக் கேள்வி எழுந்ததன் நியாயம், பெட்டியின் உள்ளமைப்பை அறிந்தால் விளங்கும். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழிதான் வால்வு. அதனுள் சூடேறிய ஒரு முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் மறுமுனைக்குப் பாய்கின்றன. இடையில் நிற்கும் கம்பிவலை மதகு போன்றது. மைக்கிலிருந்து வரும் நுண்ணிய மின்னலை அந்த மதகைத் திறந்தும் மூடியும் ஆட்டுவிக்க, பெரும் மின்னோட்டம் அதே வடிவில் ஏறி இறங்குகிறது. வலிமை மின்சாரத்தினுடையது, வடிவமோ ஓதுபவரின் குரலினுடையது. அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அமைத்த மூன்றுமுனை வால்வே இதற்கு வித்து.

சென்னையின் மேற்குப் புறநகரில் இத்தகைய பெட்டிக்குத் தனி வரலாறு உண்டு. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. பிழைப்புத் தேடி வந்து குடியேறியோரில் நம்மவரும் இருந்தனர். வாடகை வீட்டில் வாழ்ந்துகொண்டே கூலியில் மிச்சம் பிடித்துப் பள்ளிவாசல் எழுப்பிய பெருமக்கள் அவர்கள்.

அம்பத்தூர்ப் பகுதியில் ஒரு பள்ளிவாசலின் மாடியறையில் அத்தகைய பெட்டி ஒன்று கிடைத்தது. பழைய பொருள் வணிகர் ஒருவர் அதற்கு நல்ல விலை கூறினார். கிட்டார் இசைப்போர்க்கு ஏற்ப மாற்றி விற்பது அவர் எண்ணம். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் உருவாக்கத் தொடங்கிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களும், அமெரிக்காவின் ஃபெண்டர் பெட்டிகளும் இதே வால்வு நுட்பத்தில் இயங்கியவையே. இன்றும் இசைக்கலைஞர் பலர் வால்வு ஒலியைத் தேடிச் செல்கின்றனர். விற்பதா, வைப்பதா என்று ஜமாஅத்தில் பேச்செழுந்தது. "முதலில் அது யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று அறிவோம்" என்றார் முத்தவல்லி. அதுவே சரியான தொடக்கம்.

பெயரில்லாப் பெட்டியை அடையாளம் காண்பது எப்படி? பின்புறத்து முனைகள் முதல் சாட்சி. கிட்டாருக்கெனச் செய்தவற்றில் பெரும்பாலும் ஒலிபெருக்கியும் உடனிருக்கும். அல்லது அருகிலேயே வைத்து இணைக்கப்படும். இதிலோ '100 வோல்ட் லைன்' என்ற முனை இருந்தது. நீண்ட கம்பி வழியே, ஆற்றல் அதிகம் வீணாகாமல், மினாராவின் குழாய்களுக்கு ஒலியை அனுப்புவதற்கான ஏற்பாடு அது. அடுத்தது வால்வு. அதில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அந்நிறுவனம் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது 1961இல். ஆனால் வால்வு கழற்றி மாற்றக்கூடிய பொருள். அது கடைசிப் பழுதுபார்ப்பின் காலத்தைச் சொல்லுமேயன்றிப் பெட்டியின் பிறப்பைச் சொல்லாது. ஈயப்பற்று கலையாத கண்டென்சர்களும் டிரான்ஸ்ஃபார்மரின் முத்திரையுமே நம்பத்தக்கவை. இங்கே அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்தினுடையவை. ஆகவே இது தொழிற்சாலையில் செய்ததன்று. உதிரிகளை வாங்கி உள்ளூர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் கோத்தது என்று தெளிவாயிற்று.

செய்தவர் பெயர் கிடைக்கவில்லை. கொடுத்தவர் யாரென்பதோ பள்ளிவாசலின் பழைய வரவு செலவு ஏட்டில் கிடைத்தது. 'மைக் செட் வகைக்கு' என்ற தலைப்பின் கீழ் வாரந்தோறும் எட்டணா, ஒரு ரூபாய் எனப் பல வரவுகள். பெரிய செல்வந்தர் எவருமில்லை. வரவுகளின் எதிரே 'ஆலைத் தொழிலாளர்' என்ற குறிப்பு மட்டுமே. ஏட்டைப் படித்தபின் விற்கும் பேச்சு நின்றது.

பழுதுபார்க்க வந்த முதியவர் சொன்ன சொல் மறக்கத்தக்கதன்று. "பாய், இதற்கு உயிர் இருக்கிறது. உயிரை வாங்கவும் இதற்குத் தெரியும்." வால்வுப் பெட்டியின் உள்ளே 300, 400 வோல்ட் மின்னழுத்தம் இயங்குகிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்களில் அது தேங்கியிருக்கும். ஆகவே பரணிலிருந்து எடுத்தவுடன் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும், பிள்ளைகள் மூடியைத் திறப்பதும் ஆபத்து. அவர் முதலில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியே வடித்தார். உலர்ந்துபோன கண்டென்சர்களை மாற்றினார். மின்கசிவு உள்ள காகிதக் கண்டென்சர்களை நீக்கினார். அவை கசிந்தால் நல்ல வால்வும் கெடும். பழைய இரட்டைக் கம்பிக்குப் பதிலாக எர்த் இணைப்புள்ள மூன்று கம்பியைப் பொருத்தினார். ஒலிபெருக்கியை இணைத்த பின்னரே, ஒரு குண்டு பல்பை வரிசையில் சேர்த்து மின்சாரம் கொடுத்தார். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளீரென எரிந்து எச்சரிக்கும். ஒலிபெருக்கி இணைக்காமல் ஒலியெழுப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடக்கூடும் என்றும் சொன்னார். கழற்றிய உதிரிகளை எறியாமல் ஓர் உறையிலிட்டுப் பெட்டியோடு வைத்தார். புதுச்சாயம் பூச அவர் இசையவில்லை.

வால்வுகள் செந்நிறமாய்க் கனன்றன. சற்றுப் பொறுத்து இரைச்சல் அடங்கியது. மத்ரஸா மாணவன் ஒருவன் சூரத்துல் ஃபாத்திஹா ஓதினான். ஏட்டில் தம் தகப்பனாரின் பெயரைக் கண்ட முதியவர் ஒருவர் ஏதும் பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தார். அன்றாடப் பாங்குக்குப் புதிய கருவியே தொடர்கிறது. பழையதோ கொடுத்தோர் பெயர்ப்பட்டியலுடன் மத்ரஸா அறையில் இருக்கிறது.

எல்லாப் பழையதையும் பூட்டி வைக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. பள்ளிவாசல் பொருள் அமானிதம். அதை விற்கலாமா, விற்ற பணத்தை எதில் சேர்க்கலாம் என்பவற்றை ஆலிம்களிடம் கேட்டறிந்தே செய்ய வேண்டும். அதற்கு முன் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள், முதியோரிடம் விசாரியுங்கள், நிழற்படம் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் சபரிலிருந்து கொண்டுவந்த வானொலி இருந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். நம் புறநகர் மஹல்லாக்கள் பலவற்றுக்கு எழுதப்பட்ட வரலாறு கிடையாது. அவற்றின் வரலாறு இத்தகைய பெட்டிகளிலும் செல்லரித்த ஏடுகளிலுமே எஞ்சியிருக்கிறது. இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டால், நம் பிள்ளைகளுக்கு அவர்களின் முன்னோரை எதைக்கொண்டு அறிமுகப்படுத்துவோம்?

எட்டணா கொடுத்து இறையில்லத்தின் குரலை ஊருக்குக் கேட்கச் செய்த அந்த நல்லோரின் தர்மத்தை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.