திரும்பி வர வழி வேண்டும்

பழைய மோட்டார் வண்டியை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம். முன்விளக்கு மங்கினால் மட்டும் அந்தப் பொறுமை எங்கோ பறந்துவிடுகிறது. பாட்டரியை மாற்று என்கிறார் ஒருவர். டைனமோவைக் கழற்று என்கிறார் மற்றொருவர். இரண்டையும் செய்து, கைப்பணம் கரைந்த பிறகும் விளக்கு முன்போலவே அழுது வழிகிறது. குற்றவாளியோ துருப்பிடித்த ஒரு போல்ட்டின் அடியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறான். ஒர்க்ஷாப்பில் அவனுக்கு 'எர்த்' என்று பெயர். இந்த வாரம் அவனைப் பிடிக்கும் உபாயத்தைச் சொல்லுவோம்.

சமவெளியில் இது வெறும் தொந்தரவு. மலையில் அப்படியல்ல. சித்தரேவிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் பாதையை நேயர்கள் மனத்தில் கொண்டுவரட்டும். இருபுறமும் காப்பித் தோட்டம். மாலை சாய்ந்தால் மூடுபனி. வளைவுக்கு அப்பால் பள்ளமா பாறையா என்பதை விளக்குத்தான் சொல்ல வேண்டும். வளைவில் வண்டி மெதுவாகத் திரும்பும்போது டைனமோ தரும் மின்சாரமும் குறைந்துபோகிறது. அந்த நேரத்தில் ஒரு வோல்ட்டைக்கூட வீணாக்க நமக்கு உரிமை கிடையாது. மலைக்காற்றின் ஈரமோ, போல்ட்டுகளில் துருவை வளர்ப்பதில் சற்றும் சோம்பல் காட்டுவதில்லை.

வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் உண்டு. பழைய காரில் பெரும்பாலும் ஒன்றுதான். மின்சாரம் கம்பி வழியே விளக்குக்குப் போகிறது. வண்டியின் இரும்பு உடல் வழியே பாட்டரிக்குத் திரும்புகிறது. 'எர்த்' என்று பெயரே தவிர, பூமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நடுவே நான்கு ரப்பர் சக்கரங்கள் இருக்கின்றன. போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பும் வழி அடைபட்டால் வேலை நடவாது.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். துரு கால் ஓம் தடை கொடுத்தால் சுமார் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆறில் ஒரு பங்குதானே என்று நினைக்கக் கூடாது. வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஸெல்ப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும்போது, ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடையே ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும்.

நோய்க்குச் சில அடையாளங்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் கூடவே கண் சிமிட்டும். விளக்குப் போட்டதும் பெட்ரோல் முள் நகரும். வழி கிடைக்காத மின்சாரம் அண்டை வீட்டுக் கொல்லை வழியாகப் போகப் பார்ப்பதே இதற்குக் காரணம். இஞ்சின் ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதை உடலோடு இணைக்கும் பின்னல் பட்டை அறுந்தால், ஸெல்ப் போடும்போது சோக் கம்பியும் ஆக்ஸிலரேட்டர் கம்பியும் சுடத் தொடங்கும். அந்தச் சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். நெருப்பு அங்கிருந்தும் பிறக்கலாம்.

சோதனை எளிது. சிறு பல்பை வைத்துப் பார்த்து 'எர்த் இருக்கிறது' என்று தீர்மானிக்க வேண்டாம். பட்டையில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் பல்பு எரியும். பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சின் கிளம்பாதபடி காயிலுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் குமிழிலும், மறு முனையை இஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸெல்ப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் அடைப்பு. இவ்வாறே விளக்குகளை எரியவிட்டு, விளக்கின் உலோகக் கூட்டைப் பார்க்கலாம், அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினால், எண் திடீரென்று குதிக்கும் இடமே குற்றவாளியின் வீடு.

வைத்தியத்துக்கு முன் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள்; கடைசியில் அதையே மாட்டுங்கள். போல்ட்டை எடுத்து, பெயிண்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளுக்கு இது மிகவும் அவசியம். அழகான பெயிண்ட் மின்சாரத்துக்குச் சுவர். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் சட்டம் வேறு, உடல் வேறு. ஆகையால் இணைப்புகளை இரு மடங்கு கவனிக்க வேண்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை. 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் பாசிட்டிவ் முனையே எர்த். புது ரேடியோவையோ பாட்டரியையோ மாட்டுமுன் எந்த முனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரேடியோ முதல் பாட்டோடு மௌனவிரதம் பூண்டுவிடும்.

2014-ல் உற்பத்தி நின்ற அம்பாஸடருக்கும் அதற்கு மூத்த வண்டிகளுக்கும் உதிரிப் பாகம் தேடுவது கஷ்டந்தான். இந்த வைத்தியத்துக்கோ உப்புத்தாளும் ஒரு மணி நேரமும் போதும். மலை ஏறுவதற்கு முந்திய நாள் பகலிலேயே அதைச் செய்துவிடுங்கள்.